பெட்டரி மாமாவும் சாரத்து ஓட்டையும்

ஜனவரி கடைசியில ஒரு விடியக்காலை, மூணே முக்கால் மணி இருக்கும். நுவரெலியா பக்கத்து கந்தப்பளை குளிர பத்தி இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஆனா அன்னைக்கு பள்ளத்துல இருந்த கொழுந்து மேல எல்லாம் உப்பு தூவின மாதிரி பனி உறைஞ்சு கெடந்துச்சு, ரெண்டு நாள்ல அந்த எடமெல்லாம் தீ வச்ச மாதிரி கருகிப்போச்சு, அது வேற கதை. மச்சான் கட்டார் போறாரு, கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு கொண்டு போய் விடணும். பெட்டி எல்லாம் வேன்ல ஏத்தியாச்சு, மாமியார் சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வச்சு திருநீறு பூசியாச்சு, அழ வேண்டியவங்க எல்லாம் அழுது முடிச்சாச்சு, நான் ஏறி உக்காந்து சாவிய திருப்புறேன், "டக்". திரும்பவும் திருப்புறேன், "டக் டக்". டேஷ்போர்ட் லைட்டெல்லாம் மங்கி அணைஞ்சிருச்சு. அழுது முடிச்சவங்க மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க, சகுனம் சரியில்லையாம்.

சகுனத்துக்கு என்ன, பெட்டரி நாலு வருஷம் பழசு. லயத்துல, அதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, தூங்கிட்டு இருந்த பயலுங்க ஆறு பேர எழுப்பி பள்ளத்து பக்கமா தள்ளச் சொல்லி செகண்ட் கியர்ல போட்டு கிளச்ச விட்டதும் எஞ்சின் உறுமிருச்சு, மச்சானும் பிளைட்ட புடிச்சுட்டாரு. திரும்பி வர்றப்போ எங்கயும் எஞ்சின ஓஃப் பண்ணல, கித்துல்கலயில தேத்தண்ணி குடிக்க நிறுத்துனப்போ கூட அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, கடைக்காரர் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. வழி முழுக்க எனக்கு எங்க மாமா ஞாபகம்தான். "குளிருன்னா மனுசனுக்கு மட்டும்தானா வெறைக்கும், பெட்டரிக்கும் வெறைக்கும்டா மாப்ள"ன்னு சொல்லுவாரு.

மாமான்னா அம்மாவோட கடைசி தம்பி. ராகலை பஜார்ல பெட்டரி சார்ஜ் பண்ணுற கடை வச்சிருந்தாரு. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு அப்படி ஒரு கடை இருந்துச்சுன்னு சொன்னாலே சிரிப்பாங்க. எங்க தோட்டத்து லயத்துக்கு கரண்ட் வந்ததே 98லதான். அதுக்கு முன்னாடி டிவி பாக்கணும்னா பெட்டரி டிவி, 12 வோல்ட்ல ஓடுற கறுப்பு வெள்ளை பொட்டி, அதுக்கு ஒரு கார் பெட்டரி. ரூபவாஹினி, அதான் அரசாங்க டிவி, 82ல ஆரம்பிச்சு அதோட பெரிய டவர் பீதுருதாலகால மேல, கிட்டத்தட்ட எங்க தலைக்கு மேலயே, அதனால படம் மட்டும் பளிச்சுன்னு விழும். பெட்டரி எறங்கிருச்சுன்னா ஒருத்தன் அத சாக்குல சுத்தி தோள்ல வச்சு பஜாருக்கு தூக்கிட்டு போகணும், பதினஞ்சு கிலோ சும்மா இருக்கும், மாமா கடையில வச்சிட்டு மறுநாள் போய் தூக்கிட்டு வரணும். அப்படி தூக்கிட்டு வந்தவன் எல்லார் சட்டையிலயும் தோள்பட்டை கிட்ட ஓட்டை ஓட்டையா இருக்கும். ஒழுகுன அசிட்டு. போட்டிருக்கும்போது ஒண்ணும் தெரியாது, தொவைச்சு காயப்போட்டதும் தான் சல்லடையா தெரியும். எங்க லயத்துல யாரு வீட்ல டிவி இருக்குன்னு அவங்க சட்டைய பாத்தே சொல்லிறலாம்.

96 உலகக் கிண்ணம் பைனல் அன்னைக்கு நடந்தத சொல்லாம விட முடியாது. மார்ச் 17. எங்க காம்பராவுக்குள்ள நாப்பது பேர். ஆஸ்திரேலியா 241 அடிச்சிருச்சு, நம்ம பக்கம் ஜயசூரியவும் களுவிதாரணவும் 23 ஓட்டத்துக்குள்ளயே போயிட்டாங்க, அப்ப பாத்து படம் நாலு பக்கமும் சுருங்க ஆரம்பிக்குது. பெட்டரி டிவி பாத்தவங்களுக்கு தெரியும், வோல்ட் எறங்க எறங்க படம் நடுவுல குட்டியா சுருங்கி ஓரமெல்லாம் கறுத்துப்போகும். அரவிந்த டி சில்வா தீப்பெட்டி சைஸுக்கு வந்துட்டாரு. யாரோ ரெண்டு பேர் ஓடிப்போய் தோட்டத்து டிரக்டர் பெட்டரிய கழட்டிட்டு வந்தாங்க, கிளிப்ப மாத்தி மாட்டுறதுக்குள்ள ஒரு ஓவர் போச்சு, ஆனா அரவிந்தவோட 107 ஓட்டத்துல பாதிக்கு மேல டிரக்டர் புண்ணியத்துலதான் பாத்தோம். காலையில டிரக்டர் ஸ்டார்ட் ஆகல. தோட்டத்து தொரை, காலையில வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டு களத்துலயே வச்சு கத்துனாரு, ஜெயிச்ச சந்தோசத்துல யாருக்கும் காதுல விழல.

லீவு நாளுல எல்லாம் நான் மாமா கடையிலதான் கெடப்பேன். பெட்டரிய பத்தி எனக்கு தெரிஞ்சதெல்லாம் அங்க கையில புடிச்சு பாத்ததுதான். அப்புறம் மகள் ஏஎல் கெமிஸ்ட்ரி படிக்க ஆரம்பிச்சப்போ அவ புத்தகத்துல பாத்தா மாமா சொன்னதுக்கெல்லாம் வாய்க்குள்ள நுழையாத பேரு வச்சிருக்காங்க. மாமா "சாக்லேட் தகடு"ன்னாரு, புத்தகத்துல ஈய ஈரொட்சைட்டு. மாமா "சாம்பத் தகடு"ன்னாரு, அது வெறும் ஈயம், ஆனா பஞ்சு மாதிரி பொத பொதன்னு இருக்கும். ரெண்டும் ஒட்டாம நடுவுல ஒரு தடுப்பு, சுத்தி அசிட் தண்ணி. இது ஒரு அறை. ஒரு அறைக்கு ரெண்டு வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல, ஆறு அறைய வரிசையா கோத்தா பன்னெண்டு சொச்சம். இத பிளாண்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1859ல கண்டுபிடிச்சாராம், அப்புறம் 1881ல போரேன்னு இன்னொருத்தர் தகட்டுல ஈயப் பசைய அப்புற முறைய கொண்டு வந்தாரு, அதுக்கப்புறம் மேல மூடிதான் மாறியிருக்கு உள்ள சங்கதி அதேதான். எலக்ட்ரிக் கார் வாங்கிட்டேன்னு பீத்திக்கிறவங்க வண்டியிலயும் பெரும்பாலும் எங்கயாச்சும் ஒரு மூலையில இந்த 12 வோல்ட் கிழவன் உக்காந்திருப்பான்.

பெட்டரிக்குள்ள கரண்ட ஊத்தி வச்சிருக்குன்னுதான் ரொம்ப பேர் நெனைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். மாமா அத புரிய வச்சது ஹைட்ரோமீட்டர வச்சு. கண்ணாடிக் குழாய், மேல ரப்பர் பந்து, உள்ள ஒரு மிதவை. நல்லா சார்ஜ் ஏறின பெட்டரியில உறிஞ்சினா மிதவை மேல நிக்கும், பச்சைக் கோடு, 1270, 1280ன்னு காட்டும், அதாவது தண்ணிய விட ஒண்ணேகால் மடங்குக்கு மேல கனம். எறங்கின பெட்டரியில உறிஞ்சினா மிதவை முங்கிரும், செகப்பு. "அசிட்டு எங்கடா போச்சு?"ன்னு கேப்பாரு. ஆவியாப் போச்சுன்னேன். பட்டுன்னு மண்டையில ஒரு கொட்டு. அசிட்டுல உள்ள சல்பேற்று தகட்டுக்குள்ள போய் குந்திக்குது, ரெண்டு தகடும் வெள்ளையடிச்ச மாதிரி ஈய சல்பேற்று ஆயிருது, மிச்சம் இருக்கிறது முக்காவாசி தண்ணி. சார்ஜ் போட்டா தகட்ட விட்டு வெளிய வந்து திரும்ப அசிட் ஆகுது. இவ்வளவுதான் விசயம். வண்டிய மாசக்கணக்குல ஓட்டாம எறங்கின பெட்டரியோட போட்டு வச்சா அந்த வெள்ளை கல்லு மாதிரி கெட்டியாயிரும், அப்புறம் எந்த சார்ஜரும் அத அசைக்காது. வெளிநாட்டுல இருந்து லீவுல வர்றவங்க வண்டி எல்லாம் இப்படித்தான் சாகுது.

குளிர்ல என்ன நடக்குதுன்னா, உள்ள இந்த வேலை மெதுவாயிரும். பூச்சியம் டிகிரி கிட்ட வந்தா சாதாரண வெயில்ல குடுக்கிறதுல சுமாரா மூணுல ரெண்டு பங்குதான் குடுக்கும், அதே நேரம் எஞ்சின் ஒயில் கெட்டியாகி மோட்டர் சுத்துறதுக்கு கூட தம் கேக்கும். கொழும்புல இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டிய பெட்டரி நுவரெலியா பக்கம் ஜனவரியில கைய விரிக்கிறது இதனாலதான். ஆனா ஒண்ணு, பெட்டரிய உள்ளுக்குள்ள அரிக்கிறது சூடுதான், வேலை செய்ய விடாம பண்ணுறது குளிர். அதனால கொழும்புல இருந்து செகண்ட்ஹேண்ட் வண்டி எடுத்துட்டு மேல வர்றவங்க மொத குளிர்லயே மாட்டிக்கிறாங்க.

இன்னொன்னும் சொல்லிறேன். நம்ம ஊத்துத் தண்ணி சுத்தமானது, எதுக்கு காசு குடுத்து பெட்டரி வோட்டர்னு ஊத்துறவங்க இன்னும் இருக்காங்க. குடிக்கிறதுக்கு அது அமிர்தம்தான் நான் இல்லன்னு சொல்லல, ஆனா அதுல இருக்கிற இரும்பும் குளோரைட்டும் தகட்டுக்கு ஆகாது, சும்மா வச்சிருந்தாலே சார்ஜ் எறங்கிக்கிட்டு இருக்கும்.

மாமாவுக்கு அசிட்டுன்னா பயம், அந்த பயத்துல மரியாதையும் இருந்துச்சு. கெட்டி அசிட் பெரிய கண்ணாடி ஜாடியில வைக்கோல் சுத்தி வரும், அத கலக்குற அன்னைக்கு எங்கள எல்லாம் வெளிய தொரத்திருவாரு. தண்ணிக்குள்ளதான் அசிட்ட கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், அசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தினா அந்த எடத்துலயே கொதிச்சு மூஞ்சியில தெறிச்சிரும், இத வாய்ப்பாடு மாதிரி சொல்ல வச்சாரு. கடைக்குள்ள எப்பவும் ஒரு டின் அப்பச்சோடா இருக்கும், அசிட் சிந்தினா அதுமேல தூவினா நொரைச்சு அடங்கிரும். அப்பச்சோடா தீந்த ஒரு நாள் தோட்டத்து ஸ்டோருல இருந்து டொலமைட் வாங்கிட்டு வந்து தூவினாரு, தேயிலை மண்ணோட புளிப்ப கொறைக்க போடுற அதே வெள்ளை மாவுதான், மெதுவா நொரைச்சாலும் வேலைய முடிச்சிருச்சு.

அப்படி இருந்தும் ஒரு விபத்து நடந்துச்சு. கடையில வேலைக்கு இருந்த பையன், என்னைய விட மூணு வயசுதான் மூப்பு. ஒரு ராத்திரி கரண்ட் போச்சு, பெட்டரியில தண்ணி எம்புட்டு இருக்குன்னு பாக்க மூடிய கழட்டிட்டு தீக்குச்சிய ஒரசிட்டான். சார்ஜ் முடியுற நேரம் பெட்டரி கொதிக்கிற மாதிரி குமிழ் விடும்ல, அது ஐதரசனும் ஒட்சிசனும். காத்துல ஐதரசன் நூத்துக்கு நாலு பங்கு சேந்தாலே போதும், ஒரு பொறிக்கு வெடிச்சிரும். நிறமும் இல்ல வாடையும் இல்ல. வெடிச்ச சத்தம் பஜார் அந்த முனைக்கு கேட்டுச்சு, பெட்டரி மூடி சில்லு சில்லா, அசிட் முழுக்க அவன் மூஞ்சியில. மாமா ஒரு நொடி கூட யோசிக்கல, அவன் பின்னங்கழுத்த புடிச்சு தண்ணி பீப்பாவுக்குள்ள முக்கினாரு, கண்ண விரிச்சு புடிச்சு வாளி வாளியா ஊத்தினாரு, வேன் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் நிறுத்தவே இல்ல. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாராம் அந்த தண்ணிதான் கண்ண காப்பாத்துச்சுன்னு. இன்னைக்கும் அவன் ஒரு கண்ணுல லேசா மங்கல், ஆனா ஆட்டோ ஓட்டுறான். அசிட் கண்ணுல பட்டா மருந்து தேடிக்கிட்டு நிக்காதீங்க, தாய்ப்பால் அது இதுன்னு எதையும் விடாதீங்க, தண்ணிதான், குறைஞ்சது இருவது நிமிசம், அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

இத இப்ப எழுதுறதுக்கு இன்னொரு காரணம் 2022. அந்த வருஷம் மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு பதிமூணு மணி நேரம் கரண்ட் இல்லாம கெடந்தோமே, அப்ப ஆளாளுக்கு பழைய வண்டி பெட்டரிய வீட்டுக்குள்ள கொண்டு வந்து இன்வெர்ட்டர் மாட்டினாங்க. எங்க பக்கத்து லயத்துல ஒரு காம்பராவுல பெட்டரி சார்ஜ் ஆகுது, கதவு ஜன்னல் எல்லாம் குளிருக்கு இறுக்கி மூடியிருக்கு, நாலடி தள்ளி வெறகு அடுப்பு எரியுது, பக்கத்துல கொழந்தை தூங்குது. நான் போய் கத்துனதுக்கு அந்தக்கா என்னைய பைத்தியக்காரன் மாதிரி பாத்துச்சு. பெட்டரி வச்சுக்கங்க வேணாம்னு சொல்லல, வாசப்பக்கம் திண்ணையில வச்சு சார்ஜ் பண்ணுங்க.

சரி, அசிட்டும் வெடியும் இவ்வளவு நேரம் பேசியாச்சு. மாமா இந்த ரெண்டையும் சமாளிச்சாரு. அவரு கண்டுக்காம விட்டது ஈயம்.

சார்ஜ் மட்டும் பண்ணி எவ்வளவு சம்பாதிக்க முடியும், அதனால பழைய பெட்டரிய பிரிச்சு கட்டுறதும் செஞ்சாரு. கோடாலியால மூடிய பொளந்து அசிட்ட பின்னாடி அழுக்குத் தண்ணி ஓடுற கான்ல ஊத்திட்டு, நல்ல தகட்ட பொறுக்கி எடுத்து வேற பெட்டரியில போடுவாரு, கெட்ட தகட்ட எல்லாம் ஒரு பழைய இரும்பு சட்டியில போட்டு வெறகு அடுப்புல உருக்குவாரு. ஈயம் 327 டிகிரியிலயே உருகிரும், வெறகு அடுப்பு தாராளமா போதும். வெள்ளி மாதிரி பளபளன்னு தளும்பும், மேல ஆடை மாதிரி சாம்பல் படியும், அத கரண்டியால வழிச்சு ஓரமா தட்டுவாரு, அது காஞ்சு பவுடரா பறக்கும். மிச்சத்த அச்சுல ஊத்தி டேர்மினல் செய்வாரு. எனக்கு அதுதான் ரொம்ப புடிச்ச வேலை, வேடிக்கை பாக்க. அடுப்பு கிட்ட கதகதப்பா இருக்கும், அந்த குளிருக்கு நாங்க புள்ளைங்க எல்லாம் அத சுத்திதான் குந்தியிருப்போம். அத்தை ரொட்டியும் கட்ட சம்பலும் கட்டிக் குடுத்து விடும், மாமா கைய சாரத்துல தொடைச்சிட்டு சாப்பிடுவாரு. விரல் எல்லாம் பென்சில் கரி மாதிரி. கழுவலியா மாமான்னு கேட்டா, "அசிட்டுதான்டா கடிக்கும், ஈயம் என்ன கடிக்கவா போகுது"ம்பாரு.

நம்ம ஆளுங்களுக்கு ஈயத்து மேல பயமே இல்லாததுக்கு பேரும் ஒரு காரணம்னு எனக்கு தோணும். பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவங்க ஊருக்குள்ள வருவாங்கல்ல, அது வெள்ளீயம், சாப்பாட்டு பாத்திரத்துக்கு பூசுறது. பெட்டரியில இருக்கிறது காரீயம். அந்தக் காலத்து ஆளுங்க தனித்தனியா பேரு வச்சு தெளிவாத்தான் இருந்திருக்காங்க, நாமதான் ரெண்டையும் ஈயம்னு ஒரே வாயில சொல்லிட்டோம்.

மாமாவுக்கு மொதல்ல வந்தது வயித்துவலி. முறுக்கி முறுக்கி வரும், நாலஞ்சு நாளைக்கு வெளிக்கி போகாது. வாய்வுன்னு இஞ்சியும் பெருங்காயமும் குடுத்தாங்க. அப்புறம் மூஞ்சி வெளுத்துப்போச்சு, பஜார்ல இருந்து லயத்துக்கு ஏறுறதுக்குள்ள மூணு எடத்துல குந்துவாரு. ராத்திரி தூக்கம் இல்ல, சும்மா சும்மா கோவம் வரும், முன்ன எல்லாம் அப்படி ஆளே கிடையாது. கடையில எவனோ செய்வினை வச்சிட்டான்னு அத்தை ரெண்டு தடவை எலுமிச்சம்பழம் வெட்டுச்சு. கடைசியில வலது கை மணிக்கட்டு தொங்க ஆரம்பிச்சிருச்சு, ஸ்பேனர புடிப்பாரு ஆனா கைய மேல தூக்க முடியாது. அப்பதான் கண்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாங்க. அதுக்கு முன்னாடி பாத்தவங்க எல்லாம் எங்க வலிக்குதுன்னு கேட்டாங்களே தவிர என்ன வேலை பாக்குறீங்கன்னு யாரும் கேக்கல. இந்த டாக்டர், வயசான மனுசன், மாமா வாய தொறக்க சொல்லி ஈறு ஓரமா டோச் அடிச்சு பாத்துட்டு அத ஒண்ணுதான் கேட்டாராம். ஈறு ஓரத்துல நீல மையால கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. ஈயம் ஒடம்புல ஏறினவங்க சிலருக்கு அப்படி வரும்.

ரத்தத்துல ஏறின ஈயம் அந்த வேலைய விட்டா ஒரு மாசத்துல பாதியா கொறையும், ஆனா அதுக்குள்ள நெறைய எலும்புக்குள்ள போய் உக்காந்துரும், சுண்ணாம்புச் சத்து போற எடத்துக்கு இதுவும் போகும், அங்க இருந்து எறங்க பத்து இருவது வருஷம் ஆகும். பொம்பளைங்களுக்கு கர்ப்பமான நேரம் எலும்புல இருக்கிறது வெளிய வந்து கொழந்தைக்கு போகும். ரத்தம் ஊற விடாது, நரம்ப கெடுக்கும், கிட்னிய கெடுக்கும், பிரஷர கூட்டும். மாமா கடைய மூடினாரு, மருந்து எடுத்தாரு, கை ஓரளவு சரியாச்சு. ஆனா பழைய ஆளா திரும்பல, பிரஷரும் கிட்னியுமா சேந்து ஐம்பத்தி நாலு வயசுல போயிட்டாரு.

எனக்கு மாமாவ விட அதிகமா உறுத்துறது வேற ஒண்ணு. அவரு உடுத்த சாரமும் சட்டையும் வீட்டுக்குத்தான் வரும். அத்தை வாசல்ல நின்னு படார் படார்னு ஒதறி தூசிய தட்டிட்டுத்தான் தொவைக்க எடுக்கும், மாமாவோட சின்னவன் அத்தை காலடியில தவழ்ந்துட்டு இருப்பான். அந்த தூசி என்னன்னு அப்ப எங்க யாருக்கும் தெரியாது. பெரியவங்க வயித்துக்குள்ள போற ஈயத்துல கொஞ்சம்தான் ரத்தத்துல சேரும், சின்ன புள்ளைங்களுக்கு அது மாதிரி நாலஞ்சு மடங்கு சேருமாம், அதுலயும் ஒடம்புல இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கொறைவா இருந்தா இன்னும் கூட. நம்ம புள்ளைங்களுக்கு எது கொறைவுன்னு நான் சொல்லணுமா. காலையில ரொட்டியும் சாயத்தண்ணியும், அந்த சாயத்தண்ணி சாப்பாட்டுல இருக்கிற கொஞ்ச இரும்பையும் சேர விடாது. 2016ல அரசாங்கம் எடுத்த கணக்குல தோட்டத்துல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்கள்ல நூத்துக்கு 32 பேர் வயசுக்கேத்த உயரம் இல்ல, நாடு முழுக்க பாத்தா 17. அப்படிப்பட்ட ஒடம்புக்குத்தான் இந்த தூசியும் போகுது. சின்னவன் பள்ளிக்கூடத்துல எழுத்து ஏறாம தவிச்சான், மக்கு மக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சொல்லியிருக்கேன். ஈயம்தான் காரணம்னு யாரும் ரத்தம் எடுத்து பாக்கல. ஆனா அத நெனைச்சா எனக்கு தூக்கம் வராது.

இவ்வளவுதான் இருந்தா தப்பில்லன்னு ஒரு அளவே ஈயத்துக்கு கிடையாதுன்னு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது. யுனிசெஃப் 2020ல வெளியிட்ட அறிக்கையில உலகத்துல மூணுல ஒரு புள்ளைக்கு, சுமாரா எண்பது கோடி புள்ளைங்களுக்கு, கவலைப்பட வேண்டிய அளவுல ரத்தத்துல ஈயம் இருக்குன்னு சொன்னாங்க, அதுக்கு பெரிய காரணமா சொன்னது பெட்டரி ஒடைக்கிறதத்தான். செனகல் நாட்டுல டக்கார் பக்கம் தியாரோய்னு ஒரு ஊரு, அங்க பழைய பெட்டரிய ஒடைச்சு ஈயம் எடுக்கிறதுதான் பொழப்பு. ஈயம் விலை ஏறினதும் மண்ணுக்குள்ள கெடந்த துண்டு துணுக்க கூட பொம்பளைங்க சலிச்சு எடுத்து வித்தாங்க, அந்த மண்ண வீட்டுக்கும் கொண்டு போனாங்க. 2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 கொழந்தைங்க செத்துப்போச்சு. ஆரம்பத்துல எதனாலன்னே தெரியல. அத வாசிச்சப்போ அந்த சல்லடை, அந்த சட்டி, அடுப்பு எல்லாம் எனக்கு ஏற்கனவே தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு.

பெட்ரோல்ல ஈயம் கலக்குறத இலங்கையில 2002ல நிறுத்தினாங்க, அது நல்ல காரியம், ஆனா பெட்டரி ஈயம் கூடிக்கிட்டுத்தான் போகுது, ஆட்டோவ எண்ணிப்பாருங்க. பெட்டரி எடையில பாதிக்கு மேல ஈயம். அது எத்தனை தடவை உருக்கினாலும் தரம் கெடாது, திரும்ப திரும்ப பெட்டரி செய்யலாம், அந்த வகையில பிளாஸ்டிக்க விட எவ்வளவோ மேல். ஒழுங்கான எடத்துல மூடின மெசின்ல ஒடைச்சு தண்ணியில போட்டு பிரிப்பாங்க, பிளாஸ்டிக் மிதக்கும் ஈயம் அடியில போகும், உலைப் புகைய வடிகட்டிதான் வெளிய விடுவாங்க. நம்ம பக்கம் என்னன்னா பழைய இரும்பு எடுக்க வர்றவர் அசிட்டோட எடை போட்டா காசு கழிப்பாரு, அதனால விக்கிறவனே அசிட்ட கான்ல சாய்ச்சிட்டு குடுக்கிறான். அந்த அசிட் வெறும் அசிட் இல்ல, தகட்டுல இருந்து உதிர்ந்த சேறும் அதுலதான் இருக்கு. அப்பச்சோடா போட்டா புளிப்பு அடங்கும், ஈயம் அப்படியேதான் இருக்கும், அது மக்கவும் மக்காது. மேல் மண்ணுலயே தங்கிரும், தேயிலை மண்ணு வேற புளிப்பு மண்ணு, புளிப்பு கூடின மண்ணுல ஈயம் இன்னும் லேசா கரையும். அந்த கானுக்கு கீழ என்ன இருக்கு? லீக்ஸ் பாத்தி, கரட் பாத்தி, அதுக்கும் கீழ ஆறு. மகாவலியும் களனியும் பொறக்கிறதே இந்த மலையிலதான், இங்க சாய்க்கிறது இங்கயே நிக்காது.

சட்டம் எல்லாம் இருக்கு. பழைய பெட்டரி அபாயக் கழிவு, அத சேத்து வைக்க, ஏத்திட்டு போக எல்லாம் மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதி வேணும். இந்த மேட்டுக்கு ஏறி வந்து யாரு பாக்குறா.

ஏர்போர்ட் போயிட்டு வந்த மறுநாள் பெட்டரிய மாத்த போனேன். கழட்டும்போது மைனஸ மொதல்ல, மாட்டும்போது மைனஸ கடைசியா, இல்லன்னா ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறி பறக்கும், மோதிரம் போட்டிருந்தா விரலுக்கும் சூடு. கடையில புதுசு எடுத்தா பழசுக்கு கழிச்சு தருவாங்க. கவுண்டர்ல நின்ன பையன், பத்தொம்பது இருவது வயசு இருக்கும், "அண்ணே பழச கொண்டு வரும்போது அசிட்ட ஊத்திட்டு வந்திருக்கலாமே, தூக்க லேசா இருக்குமே"ன்னான். எங்க ஊத்துறதுன்னு கேட்டேன். பின் கதவுக்கு கைய காட்டுனான். எட்டிப்பாத்தேன், சீட்டு எறக்கின ஒரு சாய்ப்பு, மூலையில கோடாலி, கறுத்துப்போன ஒரு சட்டி, அடுப்புக்கல்லு மூணு. பக்கத்துல ஒரு சின்னப் பயல் பெட்டரி மூடிய வண்டி மாதிரி உருட்டி வெளையாடிட்டு இருந்தான். மொதலாளிகிட்ட பேசணும்னு நின்னேன். நல்ல மனுசன்தான், தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு, எல்லாத்தையும் கேட்டாரு, கேட்டுட்டு "நாங்க முப்பது வருஷமா இதத்தான் செய்றோம் தம்பி, அசிட்டுக்கு கிளவுஸ் எல்லாம் குடுத்திருக்கோம்"ன்னாரு. அந்தப் பையன்கிட்ட மட்டும் மாமா கதைய சொன்னேன், ஈறு வரைக்கும். சிரிச்சான். ஆனா நான் வெளிய வரும்போது அவன் பைப்படியில நின்னு சவுக்காரம் போட்டு கை கழுவிட்டு இருந்தான், எனக்காக கழுவினானா சாப்பாட்டு நேரமான்னு தெரியல.

பழைய பெட்டரிய அங்க குடுக்கல. கழிவு காசு போனா போகுதுன்னு அசிட்டோட அப்படியே ஒரு பிளாஸ்டிக் பேசின்ல நிமித்தி வச்சு கட்டி, அடுத்த ஹயர், அதான் வாடகை ஓட்டம், கொழும்பு பக்கம் கெடைச்சப்போ பெட்டரிய முழுசா எடுக்கிற எடத்துல எறக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா சாரத்துல தொடை கிட்ட மூணு ஓட்டை. வாசல்லயே நின்னு சட்டையையும் சாரத்தையும் ஒதறாம அப்படியே வாளித் தண்ணிக்குள்ள அமுக்கிட்டு, துண்டோட வெடவெடன்னு நின்னுட்டு இருந்தேன். மகள் கதவ தொறந்துட்டு "என்னாப்பா இந்த குளிர்ல"ன்னா. அத்தை அன்னைக்கு எங்க வீட்லதான் இருந்துச்சு, உள்ள இருந்து எட்டி அந்த வாளிய பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல, சுடுதண்ணி வைக்க போயிருச்சு.